கையெழுத்துக்குக் கீழே மணி

நுகர்வோர் கோர்ட்டில் ஆஸ்பத்திரி வக்கீல் ஒரு ஜெராக்ஸை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "காலையில பதினோரு மணிக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னோம். மாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இது உங்க கையெழுத்துதானே டீச்சர்?"

என் கையெழுத்தேதான்.

வயிற்றுவலி என்று தம்பியை ஒத்தக்கடைப் பக்கம் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் காலை ஒன்பது மணிக்குச் சேர்த்தோம். டாக்டர் இதோ வருகிறார் என்றே பொழுதை ஓட்டினார்கள். சாயங்காலம் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்த பிறகு நர்ஸ் ஒரு கத்தைத் தாளை நீட்டி, "சீக்கிரம் போடுங்கக்கா" என்றாள். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று முப்பது வருஷம் பிள்ளைகளைத் திட்டிய டீச்சரம்மா, ஒரு வரிகூடப் படிக்காமல் அத்தனையிலும் போட்டேன். குடல் வெடித்திருந்தது. மூன்றாம் நாள் தம்பி போய்விட்டான்.

ஜெராக்ஸில் கையெழுத்துக்குக் கீழே தாள் வெட்டுப்பட்டிருந்தது. "ஒரிஜினலக் கேளுங்க சார்" என்று எங்கள் வக்கீலிடம் சொன்னேன்.

நான் வேலை பார்த்தது கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்குக் கீழே மணியையும் எழுதாவிட்டால், தலைமை சிஸ்டர் அரைநாள் லீவு போட்டுவிடுவார். அந்தப் பழக்கத்தில் கூரியர்காரர் நீட்டும் தாளிலும் மணி எழுதுவேன். "எங்கக்கா மணி பாக்காமக் கண்ண மூடாது" என்று தம்பி கேலி பேசுவான்.

ஆனால் அன்றைய பதற்றத்தில் எழுதினேனா? அடுத்த வாய்தா வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரிஜினல் வந்தது. கோர்ட் தலைவராக இருந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "மேல பதினொண்ணுனு எழுதியிருக்கு. கையெழுத்துக்குக் கீழ நாலு பத்துனு இருக்கே?" ஆஸ்பத்திரி வக்கீல் ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். தம்பியின் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்து, "இம்புட்டுப் பொய்யா மதினி?" என்று அழுதாள்.

நான் அழவில்லை. நாலு பத்து காட்டிய அதே கைவாட்சை அன்று காலை பதினோரு மணிக்கும் பார்த்தேன். "அக்கா, பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோமா?" என்று தம்பி கேட்டான். நாமாகக் கிளம்பினால் டாக்டர் கோபித்துக்கொள்வாரே என்று பயந்து, "கொஞ்சம் பொறுடா, இப்ப வந்துருவாரு" என்றேன். இதை மட்டும் எந்த வக்கீலும் என்னிடம் கேட்கவில்லை.