வேக மோடமும் மிளகு ஏணியும்

என் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தியது பக்கவாதத்தால் அல்ல, ரோஷத்தால். பக்கவாதம் அவருடைய வலது கையையும் பாதி நாக்கையும்தான் எடுத்துக்கொண்டது. மீதி நாக்கை வைத்துக்கொண்டு என்னிடம் நாலு வார்த்தை குழறுவார், நானும் புரிந்துகொள்வேன். ஆனால் வெளியாள் யாராவது வாசலில் கால் வைத்தால் போதும், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். சாப்பிட்டாரா, தூங்கினாரா, வலி இருக்கிறதா என்று வந்தவர்கள் கேட்கும் எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். நாமக்கல் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவர் நாலு பேரோட பேசியே ஆகணும்மா. இப்படியே விட்டா இருக்கற பேச்சும் போயிரும்" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவள் நான். முரண்டு பிடிக்கும் ஆளைச் சமாளிக்கத் தெரியும். செல்போனைக் கையில் கொடுத்து, வாயால் பேசாவிட்டால் போகிறது, இதில் எழுதுங்கள் என்றேன். இடது கை நடுக்கத்தில் ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று விழுந்தது. போனைக் கட்டிலில் விசிறி எறிந்தார். பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த போர்வை மூட்டையைக் காட்டினார்.

அதற்குள் இருந்தது அவருடைய பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர். பெரிய கம்பெனிகளில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த யூனிக்ஸை ஒற்றை ஆளின் மேசைக்குக் கொண்டுவந்த ஆரம்பகாலப் பெட்டி. அவருடைய கம்பெனி கழித்துக்கட்டியபோது இவர் தூக்கிக்கொண்டு வந்தார். கடைசியாக மலைமேல் இந்த வாழவந்தி நாட்டு வீடு வரைக்கும், மாறிய ஒவ்வொரு வீட்டுக்கும் அதைச் சுமந்தவள் நான், திட்டிக்கொண்டே. இப்போது மேசையில் தூக்கி வைத்து, தூசி தட்டி, சுவிட்சைப் போட்டதும் பச்சை எழுத்து வந்தது. அந்தக் கீபோர்டில் ஒவ்வொரு கீயையும் அழுத்தி இறக்கினால்தான் எழுத்து விழும். நடுங்கும் விரலுக்கு அது தோதாக இருந்தது. ஒற்றை விரலால், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தார்: 'அவனைக் கூப்பிடு.'

அவன் என்றால் பெங்களூரில் இருக்கும் அவருடைய நண்பர். ஒரே கம்பெனியில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சண்டை போட்டவர்கள். அவரிடமும் இதே பெட்டி ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர் எத்தனையோ தடவை போன் செய்தும் இவர் பேச மறுத்துவிட்டார். சிக்னல் கிடைக்கும் பஸ் ஸ்டாப் வரை நடந்துபோய் நான் விஷயத்தைச் சொன்னதும் நண்பர் இரண்டு மோடம் வாங்கி ஒன்றை எங்களுக்கு அனுப்பினார். தீப்பெட்டி அளவுப் பலகை. பழைய கம்ப்யூட்டரிடம் தன்னை டெலிபோன் மோடம் என்று சொல்லிக்கொள்ளும், பின்பக்கமாக வைஃபையில் இன்டர்நெட்டைப் பிடித்துக்கொள்ளும். அவர் அங்கே எழுதுவது இங்கே திரையில் வரும்.

"மெதுவான வேகத்துலயே வையுங்க அண்ணி" என்றார் நண்பர் போனில். "அந்தப் பெட்டிக்கு வேக மோடம் ஆகாது. எழுத்தை முழுங்கிடும். அந்தக் காலத்துலயே சொன்னேன், அவன் கேக்கல."

இதை வந்து சொன்னதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல மாதமாக நான் பார்க்காத ஒரு கோபம் முகத்தில் வந்தது. எனக்கு அது பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

முதல் தடை சிக்னல். எங்கள் வீட்டில் எந்தக் கம்பெனி போனும் எடுக்காது. ஜன்னலை ஒட்டி நிற்கும், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் மட்டும், அதுவும் பக்கத்துத் தோட்டக்காரரின் போனில் மட்டும் எடுக்கும். மிளகு பறிக்க ஏறும்போது அவர் அங்கிருந்துதான் சொந்தக்காரர்களுடன் பேசுவார். அது மிளகு பறிப்புக் காலம்.

"அதுக்கென்னங்க அக்கா, மரத்துலயே கட்டித் தொங்க உட்டுர்றேன்" என்று ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, கணுவில் கால் வைத்து ஏறினார். போனை ஒரு பையில் போட்டுக் கிளையில் கட்டினார். மோடம் அதன் வைஃபையைப் பிடித்தது. இணைப்பும் கிடைத்தது. நண்பரின் முதல் வரி வந்தது. பாதி எழுத்தைக் காணோம். அடுத்த வரி அதைவிட மோசம்.

"வேகத்தைக் குறைச்சுட்டா என்னங்க? பேசத்தானே போறீங்க" என்றேன்.

'குறைச்சா அவன் ஜெயிச்சான்' என்று அடித்தார்.

நாமக்கல் கடையில் செய்து வாங்கிய கேபிளைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். உள்ளே மூன்று கம்பி. ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க, ஒன்று எர்த். 'இன்னும் ரெண்டு வேணும்' என்று அடித்தார். எதற்கு என்றேன். 'பந்தியில சோறு போதும்னா கையால இலையை மறைப்போமே. அதுக்கு.' கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டும்போது அது கையால் மறைக்க ஒரு கம்பி, மோடம் மறைக்க இன்னொன்று. கையால் மறைக்க வழியில்லாததால் சோறு தரையில் கொட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குச் சட்டென்று விளங்கியது.

சால்டரிங் வைக்க என் கைதான் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து இடது விரலால் பின்னைக் காட்டுவார், நான் வைப்பேன். முதல் தடவை பிளக்கின் முன்பக்கத்து வரிசையைப் பார்த்துக்கொண்டு பின்பக்கத்தில் பற்ற வைத்துவிட்டேன். எல்லாமே இடவலம் மாறிப்போய், திரை செத்துக் கிடந்தது. சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியையும் அதைச் செய்தவன் பரம்பரையையும் சேர்த்துத் திட்டினேன். பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். இந்த மனிதரைப் பேச வைக்காமல் நான் இந்தச் சால்டரிங் அயர்னைக் கீழே வைப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

சால்டரிங் ஆறியதும், அந்தக் கம்பிகளை மதிக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒரு வரியை அவர் யோசிக்காமல் அடித்தார். நண்பரை மறுபடி கூப்பிட்டோம். தோற்க மனமில்லாத நண்பர் அந்தப் பெட்டியின் பழைய கையேட்டையே பக்கம் பக்கமாகத் தள்ளிவிட ஆரம்பித்தார். கடைசிப் பக்கம் வரைக்கும் வந்து சேர வேண்டும் என்பது பந்தயம். இவர் திரையில் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒன்றும் விடுபடவில்லை.

அப்போதுதான் மரத்தில் போன் அடித்தது. பக்கத்து மரத்தில் இருந்த தோட்டக்காரர் இறங்கி, ஏணியை மாற்றி, ஏறி எடுத்துப் பேசினார். பேச ஆரம்பித்ததும் நெட் நின்று, இணைப்பு அறுந்தது.

"யாருங்க?" என்றேன்.

"திண்ணனூர் நாட்டுல இருந்து எங்க அக்காளுங்க. யாரும் போன் பண்ணாதீங்கன்னு எல்லாத்துக்கும் சொல்லி உட்டிருந்தனுங்க. இப்பப் பண்ணலாமான்னு கேக்கறதுக்குப் பண்ணியிருக்குது."

மறுபடி இணைத்து, மறுபடி முதல் பக்கத்திலிருந்து. கொஞ்ச நேரத்தில் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து அவருடைய மச்சான். அவருக்கும் அதே சந்தேகம். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. மூன்றாம் தடவை இணைத்ததும், "அடிச்சா அடிக்கட்டும், எடுக்காதீங்க. எடுக்காம இருந்தா எழுத்து நின்னு மறுபடி வந்துரும்" என்றேன்.

அவர் முகம் வாடியது. "மிளகுக் காலத்துல போன் எடுக்கலீன்னா மரத்துல இருந்து உழுந்துட்டேன்னு நெனச்சுக்குவாங்க அக்கா."

அடுப்பில் ரசம் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடினேன். போன் அடிக்க ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நல்ல மனிதர், எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? ஏணி மரத்தில் சாய்வது காதில் விழுந்தது. நான் கரண்டியோடு திரும்புவதற்குள் முன்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஏய்! எக்காதே! எக்... எடுக்காதே!"

என் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணி எச்சில் வழிந்தது. நீட்டிய கையோடு ஏணியில் நின்றிருந்தவர் அவரைக் குனிந்து பார்த்தார். அந்த ஆள் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்தால் போதும், இவர் இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.

"செரிங்கண்ணா, எடுக்கல" என்றார் அவர். "நம்மாளுங்க பதறிப்போயி நேர்ல வந்தா வந்து பாத்துக்கட்டும். முடியறதுக்கு இன்னும் நேரமாகுங்களா?"

பழக்கத்தில் நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"இன்னு... பத்துப் பக்கம்" என்றார் இவர்.

"அப்பன்னா நான் இங்கயே மிளகு பறிச்சுட்டு இருக்கறனுங்க."

"ம். பாத்து ஏறு."

திரையில் எழுத்து மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் கரண்டியோடு அங்கேயே நின்றேன். அந்தப் பேச்சில் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.