கந்தப்பன் வீட்டு நெருப்பு

ரயில் பாதை பண்டாரவளையைத் தாண்டி இன்னும் வராத காலம் அது. தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கந்தப்பன் வாசக்கூட்டியாக இருந்தான். பெயர்தான் வாசக்கூட்டி. வாசல் கூட்டுவது அவன் வேலையில் கால்வாசி, மிச்சமெல்லாம் கக்கூஸ் வாளி. கூலிக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துப் பாதையில் "வர்றேங்க, வர்றேங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டேதான் நடப்பான். பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பழக்கதோஷம், வெறுங்கையோடு கடைக்குப் போகும்போதும் அந்தக் குரல் தானாக வந்துவிடும். வந்தபின் நாக்கைக் கடித்துக்கொள்வான்.

பெண்சாதி செத்தபின் அவன் ஒண்டிக்கட்டை. லயத்தைவிட்டுத் தள்ளி, கழிவுத் தண்ணீர் ஓடுகிற கானுக்கு அந்தப்பக்கம் ஒற்றை அறையாகத் தனிக் காம்பிரா. லயத்திலே ஒரு வழக்கம் உண்டு. அடுப்பு அணைந்துவிட்டால் சிரட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு தணல் வாங்கி வருவார்கள். சீமையில் சண்டை நடந்த வருஷங்கள் அவை, தீப்பெட்டி கண்ணில் படாது. முகம் பார்த்துப் பேசாதவர்கள்கூட நெருப்புக் கேட்டு வந்தால் இல்லையென்று சொல்வதில்லை. கந்தப்பனிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை, அவனுக்கு யாரும் கொடுத்ததுமில்லை. அதனால் அவன் தன் அடுப்பை அணைய விடுவதேயில்லை, கட்டையைச் சாம்பலில் மூடி வைத்துக் காப்பாற்றுவான். என்றைக்காவது யாராவது ஒருத்தர் சிரட்டையோடு தன் வாசலில் வந்து நின்றால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பான். நினைக்கவே அவனுக்கு வெட்கமாயிருக்கும்.

அந்த நேரத்தில்தான் துரைக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. கக்கூஸ் தண்ணீரையும் மாட்டுப்பட்டிச் சாணியையும் காற்றுப் புகாமல் மூடிவைத்தால், அதிலிருந்து எரிகிற வாயு வருமாம். பதுளையிலிருந்து கொத்துவேலைக்கார இத்ரூஸ் பாஸ் வந்து, மிசின் ஓடுகிற தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் பள்ளத்தில் செங்கல் தொட்டி கட்டி, மேலே ஓர் இரும்பு அண்டாவைக் கவிழ்த்தார். அங்கிருந்து மண்ணுக்குள்ளே குழாய் போட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் விளக்கு ஏற்றினார்கள். குழாய் ஸ்டோர்ப் பக்கமிருந்து வந்ததால் சனங்கள் அதை மிசின் நெருப்பு என்றே நினைத்தார்கள். துரையும் கணக்கப்பிள்ளையும் அவர்களுக்கு விளக்கம் சொல்வார்களா என்ன? மற்றபடி விஷயம் தெரிந்தவன் கந்தப்பன் ஒருத்தன்தான். தொட்டியில் வாளி கவிழ்ப்பவன் அவன்தானே.

மார்கழி மழை பிடித்துக்கொண்டது. விறகெல்லாம் நனைந்து அடுப்புகள் அணைந்துபோக, பெண்கள் பெரட்டுக்கள விளக்கில் சிராய் பற்றவைத்துக்கொண்டு போனார்கள். மாரிசாமி கங்காணியின் மருமகள் பாக்கியலெட்சுமி, வயிற்றோட்டத்தில் துவண்டு கிடந்த கைக்குழந்தைக்கு அந்த நெருப்பில்தான் ஓயாமல் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. "மிசின் நெருப்பு நல்ல நெருப்பு" என்று அவள் சொன்னதைக் கந்தப்பன் தூரத்திலிருந்து கேட்டான். பட்டிப் பக்கம் போய் மாட்டின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். சொல்லியிருக்க வேண்டும், அது அவனுக்கும் தெரியும். சொன்னால் இந்தச் சந்தோஷம் போய்விடுமே! வாயை மூடிக்கொண்டான்.

தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அவன் படுத்தால் அந்த வாளியைத் தொட வேறு யார் வருவார்கள்? தொட்டி பட்டினி கிடந்தது. பொங்கலன்று கொஞ்சம் தேறி, கம்பளியைப் போர்த்துக்கொண்டு, கோயிலுக்கு எட்டத்தில் வந்து நின்றான். மாரியம்மன் கோயில் முற்றத்தில் பானைகள் நுரைகட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் அந்த விளக்கில் பற்றவைத்த அடுப்புகள், சாமி விளக்குந்தான். பிந்தி வந்த ஒருத்தி நெருப்பெடுக்கப் போய் வெறுஞ்சிராயோடு திரும்பினாள்.

"கணக்கப்புள்ள அய்யா, மிசின் நெருப்பு அணைஞ்சு போச்சுங்க."

கணக்கப்பிள்ளை சலித்துக்கொண்டார். "அணையாம என்ன செய்யும்? வாசக்கூட்டி காய்ச்சல்னு படுத்துட்டான். கக்கூஸ் வாளிய தொட்டியில ஊத்தினாத்தானே நெருப்பு வரும்!"

குலவை போட்ட வாய்கள் அப்படியே நின்றன. யாரோ ஓங்கரித்தார்கள். மாரிசாமி கங்காணி திரும்பிக் கந்தப்பனைப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியுமாடா?"

"தெரியுங்க சாமி."

"தெரிஞ்சுமா சாமி அடுப்புல வைக்கவிட்ட?"

அடித்திருந்தால்கூடத் தேவலை, அவனை அடிக்கவும் யாரும் தொடமாட்டார்களே. பெண்கள் பானைகளைக் கானில் கவிழ்த்தார்கள். பாக்கியலெட்சுமியும் கவிழ்த்தாள். சாமி விளக்கையும், லயத்தில் ஓர் அடுப்பு விடாமல் எல்லாவற்றையும் தண்ணீர் ஊற்றி அணைக்கச் சொன்னார் கங்காணி. தீப்பெட்டி வாங்கிவரப் பதுளை ஸஹாப்தீன் கடைக்கு ஆள் போனது. ஆள் மறுநாள்தான் திரும்புவான். பண்டிகை என்று ஸ்டோரும் அடைத்து, அதன் அடுப்பும் அணைந்து கிடந்தது.

கந்தப்பன் காம்பிராவுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். செய்தது துரோகம் என்று நெஞ்சு குத்தியது. அதைவிட, இத்தனை நாளும் மனசுக்குள்ளே பூரித்துக் கிடந்ததை நினைக்க நினைக்கக் கூசியது.

பொழுது சாயும்போது வாசலில் நிழல் தட்டியது. பாக்கியலெட்சுமி. இடுப்பில் பிள்ளை, கையில் சிரட்டை. பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"கந்தப்பண்ணே, புள்ளைக்கு மறுபடி வயித்தால போகுது. தண்ணி காய்ச்சணும். லயத்துல ஒரு பொட்டு நெருப்பில்ல."

அண்ணே! தோட்டத்தில் அவனை அப்படிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. அவன் அடுப்பிலோ கட்டை கனன்றுகொண்டிருந்தது. பெரட்டுக்களத்து விளக்குப் பக்கம் அவனை யாரும் அண்ட விடாததால், அந்தத் தோட்டத்திலேயே தொட்டி வாயு படாத நெருப்பு அவன் வீட்டு நெருப்பு ஒன்றுதான். அதைச் சொல்லியிருக்கலாம். தன் கைபட்டது இன்னொரு தடவை அந்த வீட்டுக்குள் போவதா என்று நினைத்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் குன்றியது.

"இங்கயும் அணைஞ்சு போச்சு தாயி" என்றான் குனிந்தபடி.

அவள் அவன் தலைக்கு மேலே கூரையைப் பார்த்தாள். ஓலையிடுக்கில் புகை கசிந்துகொண்டிருந்தது. திரும்பி நடந்தாள். பிள்ளையின் அழுகை கானைத் தாண்டி லயம் வரைக்கும் கேட்டது.

சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, கந்தப்பன் எழுந்து, செம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினான்.