போலாமா பாப்பா?

மூட்டுவலிக்கு நல்லதென்று எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் வாரம் ஒருநாள் கொள்ளு ரசம். இன்று காலை குக்கரைத் திறந்ததுமே வாசனை கூடம் வரை வந்துவிட்டது. "மூஞ்சி இன்னாத்துக்கு அப்டிப் போவுது?" என்றாள் மனைவி. என்னத்தைச் சொல்வது? வெந்த கொள்ளு மணம் பட்டால் எனக்கு, நான் குதிரை பழக்கிய வெள்ளானூர் லாயம் ஞாபகம் வரும். லாயம் வந்தால் பின்னாடியே பாப்பா வந்துவிடும்.

காகிதத்தில் அதற்கு வாயில் நுழையாத ஏதோ சீமைப் பெயர். எங்களுக்குப் பாப்பா. பந்தயத்தில் தோற்று வந்த செம்பழுப்புக் குதிரை. பாடியில் பட்டறை வைத்திருந்த எங்கள் முதலாளி அதை வாங்கி, டிரஸ்ஸாஜ் போட்டிக்குப் பழக்கச் சொல்லி என்னிடம் விட்டார். அதில் ஓட்டமில்லை, தாண்டலில்லை. சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் நின்று, நடையே அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் என் உயிர் போனது.

முதல் வாரமே தோளைக் கவ்விச் சட்டையைக் கிழித்தது. எனக்குப் பயம் வந்தால் வாய் ஓயாது. சேணத்தில் உட்கார்ந்து வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். ஆவடி பஸ்ஸில் நசுங்கியது, கருவாட்டுக் குழம்பு, பெண் பார்க்கப் போன இடத்தில் பட்ட அவமானம். பல மாதம் கழித்து ஒருநாள், அதன் ஒரு காது மட்டும் மெல்ல என் பக்கம் திரும்பியது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

தீனி வைக்கும் டில்லி சிரிப்பான். "இன்னா மாமே, ஊட்டுக் கதையெல்லாம் அதாண்ட சொல்லிகினு கீற?"

பாப்பாவுக்குத் திமிர் கிடையாது, சந்தேகம்தான். ரயிலுக்கு மிரளாது, விரித்த குடைக்கு மிரளும். கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்தால் அன்று முழுக்க முகம் கொடுக்காது. நின்ற இடத்திலிருந்து கிளம்ப, "போலாமா பாப்பா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் உயிரைக் கொடுக்கும். போட்டியில் வாயைத் திறந்தால் மார்க் போகும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன், நான் பரீட்சைக்குப் படித்த லட்சணத்தில்.

"இந்தப் போட்டில தேறலன்னா வித்துடுவேம்பா" என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார்.

போட்டியன்று மைதானத்தின் நடுவே நிறுத்தி நடுவருக்கு வணக்கம் வைத்தேன். கிளம்பச் சொல்லிக் காலால் அணைத்தேன். நகரவில்லை. காதுகள் இரண்டையும் என் பக்கம் திருப்பிக் காத்திருந்தது. மறுபடி அணைத்தேன். கழுத்தை வளைத்து என் பூட்ஸை முகர்ந்து பார்த்தது. எனக்கு உடம்புக்கு என்னவோ என்று நினைத்திருக்கும். வேறு வழியில்லாமல் கேட்டேன். அதற்கப்புறம் அது நடந்த நடை இருக்கிறதே, அப்படி ஒரு நடையை நான் பார்த்ததில்லை. ஆனால் நிற்கும்போதெல்லாம் கேட்க வேண்டியிருந்தது, கேட்கக் கேட்க மார்க் போனது.

"குதிர நல்லாத்தாம்பா கீது" என்றார் முதலாளி. அடுத்த வாரம், பாப்பாவை வாங்கிய பெங்களூர்க்காரர் ஒருவரின் லாரி வந்தது. குமணன்சாவடி வரை பைக்கில் பின்னாலேயே போய், சிக்னலில் அதைத் தவறவிட்டு, ஓரமாக நின்று அழுதேன்.

லாயம் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். டில்லி கால்டாக்சி ஓட்டுகிறான். அதெல்லாம் போகட்டும். பாப்பா போன சில மாதம் கழித்து அந்தப் பெங்களூர்க்காரர் போன் செய்தார். நல்ல மனுஷர்தான், மனசாரப் பாராட்டினார். "மெடல் வாங்கிடுச்சுங்க உங்க குதிரை. மொதல்ல ரொம்ப அடம். இப்ப பக்கத்துல யார் பேசினாலும் காதைக்கூடத் திருப்பாது."

"சந்தோஷங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறென்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.