கொளஞ்சியம்மாள் செத்த ஊர்கள்

தான் செத்துப்போன செய்தி கொளஞ்சியம்மாளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரியவந்தது. பாடாலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய தம்பி முருகையன், பிறந்த வீட்டுக் கோடிச்சேலை ஒரு கையிலும் மாலை மறு கையிலுமாகத் தெருமுனையிலேயே, "அக்கா, என்ன வுட்டுட்டுப் போயிட்டியே!" என்று ஓலமிட்டான். வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "ஏன்டா கத்துற? யாரு போயிட்டா?" என்றாள்.

முருகையனுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. கொண்டுவந்த மாலையை யாருக்குப் போடுவது?

"ஒம் மவன் நேத்து சிறுவாச்சூர்ல மைக்குல சொன்னான். எங்கம்மா சோறில்லாம செத்தாங்க, அவுங்களுக்குத்தான் இந்தப் பாட்டுன்னான். ஊரே அழுவுது. சாவுக்கு எனக்கு ஒரு வார்த்தை சொல்லி வுடலயேன்னு நானும் அழுதேன்."

எண்பதுகளின் தொடக்கம் அது. தாய்ப்பாட்டு இல்லாத படம் ஓடாது. தாய்ப்பாட்டு இல்லாத கச்சேரியில் ஆள் உட்காராது. பாட்டில் வரும் தாய்க்கு வேலை இரண்டுதான்: பட்டினி கிடப்பது, சாவது. கொளஞ்சியம்மாள் முதல் வேலையை ஒழுங்காகச் செய்தவள். புருஷன் போனபிறகு பருத்திக்காட்டில் களையெடுத்து மகன் ராசாங்கத்தை வளர்த்தாள். அவனுக்குப் பாட்டு வருகிறது என்று தெரிந்ததும், கறவை ஆட்டை விற்று ஆர்மோனியம் வாங்கிக் கொடுத்தாள். இரண்டாவது வேலையைத்தான் பாக்கி வைத்திருந்தாள். பொறுப்புள்ள மகன் அதைத் தானே முடித்துவிட்டான்.

அவனோடு தபேலா வாசிக்கும் தங்கராசுவை மடக்கிக் கேட்டதில், சாவு ஒன்றோடு நிற்கவில்லை என்று தெரிந்தது. அரியலூரில் பாம்பு கடித்துச் செத்திருந்தாள். பெரம்பலூரில் அவனைப் பெற்றபோதே செத்திருந்தாள். பால் கொடுத்தது யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. மாதா கோயில் ஊரான ஏலாக்குறிச்சியில் கையில் செபமாலையோடு கண்ணை மூடியிருந்தாள். வருஷம் தவறாமல் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவளுக்கு இது எதிர்பாராத மரியாதை.

மத்தியானம் ராசாங்கம் வந்தான்.

"ஒனக்கு என்னடா கொற வச்சேன்?"

"அம்மா, இது தொழில். உசுரோட இருக்கற அம்மாவுக்குப் பாடுனா கைதட்டுறாங்க. செத்த அம்மாவுக்குப் பாடுனாத்தான் அழுவுறாங்க. அழுதாத்தான் அடுத்த வருசமும் கூப்புடுவாங்க."

"அப்ப எனக்குன்னு ஒரு பாட்டு கெடையாதா?"

"ஏன் கெடையாது? ஆடி மாசம் நம்மூர் திருவிழா வருதுல்ல? ஒன்ன முன்னால ஒக்கார வச்சி, 'இதான் எங்கம்மா'ன்னு சொல்லிட்டுப் பாடுறேன். சத்தியமா."

அந்தச் சத்தியத்தை நம்பி அவள் தன் சாவுகளையெல்லாம் மன்னித்தாள்.

ஆடி வந்தது. தலைக்குக் குளித்து, பொழுது இறங்குமுன்பே முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். போகிற வருகிற பெண்களிடமெல்லாம், "எம் பாட்டு இருக்கு, எந்திரிச்சிப் போயிடாதீங்க" என்றாள். ராசாங்கம் சாமிப்பாட்டு பாடினான். காதல் பாட்டு பாடினான். குத்துப்பாட்டுக்கு இளவட்டங்கள் மண்ணைக் கிளப்பினார்கள். பிறகு நன்றி சொல்லிவிட்டு மைக்கை அணைத்தான்.

பக்கத்திலிருந்த செங்கமலம், "எங்கக்கா ஒம் பாட்டு?" என்றாள்.

மேடைக்குப் பின்னால் போய் அதையே மகனிடம் கேட்டாள் கொளஞ்சியம்மாள்.

"எப்புடிம்மா பாடறது?" என்றான், நிஜமான வருத்தத்தோடு. "நீதான் எதுருலயே குந்தியிருக்கியே. ஒன்னப் பாத்தா எனக்கு அழுவையே வரல."

மறுநாள் காலை, கச்சேரி பேச வந்த வெளியூர் ஆள் ஒருவர், திண்ணையில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்த கொளஞ்சியம்மாள் முன்னால் நின்றார். உள்ளே ராசாங்கம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"பாட்டுக்காரரு வூடு இதானுங்களா? பாவம், தாயில்லாப் புள்ளயாமே!"

"ஆமாங்க. அவுங்கம்மா செத்துட்டாங்க."

வந்தவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க யாருங்க?"

"நானா? பாடாலூர் முருகையனோட அக்கா" என்றவள், துணிமூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உலை வைக்காத அடுப்பைத் திரும்பியும் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.