முஸ்பிறா டீச்சரும் ஒரு ‘கா’வும்

தன் வாயிலிருந்து இத்தனை ‘கா’ வருகிறது என்பது நாற்பத்தொரு வயது வரை முஸ்பிறாவுக்குத் தெரியாது. ஆங்கில ஆசிரியப் பயிற்சியில் அவள் எடுத்த முதல் சோதனைப் பாடத்தைப் பயிற்சியாளர் பிரகாஸ் சேர் போனில் பதிந்து வைத்திருந்தார். பாடம் முடிந்து எல்லோரும் போனபிறகு போட்டுக் காட்டினார்.

“சிட் டவுன் கா. ரிப்பீட் கா. லௌடர் கா.”

அது அவளுடைய குரல்தான். அதைவிட மோசமானது அடுத்து வந்தது. வகுப்பிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் நீட்டி முழக்கினார்கள்: “குட் மோர்னிங் கா!”

“என்ட அல்லாஹ்! இது என்ட சத்தமா சேர்?”

“ஓம். நீங்க சொன்னதத்தான் அவங்க திருப்பிச் சொல்றாங்க. ‘கா’வும் இங்கிலீஸ் எண்டு நினைச்சிட்டாங்க.”

பிரகாஸ் வினாயகபுரத்துக்காரர். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்முனைக் கரையில் ‘கா’ போடாமல் பெண்கள் பேச்சு நகராது. வாகா, என்னகா, இரிகா. தமிழர், முஸ்லிம் என்ற பேதம் இதில் இல்லை. பெரிய அர்த்தமும் இல்லை. கொஞ்சம் உரிமை, கொஞ்சம் அன்பு, சிலவேளை வெறும் அவசரம். ஆனால் பயிற்சியின் விதி கறாரானது: ஆசிரியர் வாயில் ஒரு தமிழ்ச் சொல்கூட வரக்கூடாது. சோதனைப் பாடத்துக்கு இரண்டு தடவைதான் இடமுண்டு. முதலாவதில் முஸ்பிறா தோற்றுவிட்டாள்.

இரண்டாவதிலும் தோற்றால் சான்றிதழ் இல்லை. அந்தப் பயிற்சி நிலையத்தில் அவள் நடத்தவிருந்த பெண்கள் வகுப்பும் இல்லை.

அந்த வகுப்பு அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை வீட்டில் மட்டும்தான் சொல்லியிருந்தாள். சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடமே கல்யாணம். பிறகு கணவர் ஜவுபரோடு கட்டாரில் ஒன்பது வருடம். அங்கே ஒரு சுப்பர் மார்க்கெட் காசுக் கவுண்டரில் நின்றுநின்று பிடித்ததுதான் அவளுடைய ஆங்கிலம். நல்ல ஆங்கிலம். பாக்கிஸ்தானி, நேபாளி, அரபி என்று யார் வந்தாலும் தடுமாறாமல் பேசுவாள். பக்கத்துக் கவுண்டர் பிலிப்பைன்ஸ்காரி ஒருநாள், “நீ எங்கள் பாஷை பேசுகிறாய்” என்று சொல்லிச் சிரித்தாள். பிலிப்பைன்ஸ் பாஷையில் ‘கா’ என்றால் ‘நீ’. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது இப்போது, இத்தனை வருடம் கழித்து, பிரகாஸ் சேரின் போனுக்கு முன்னால்தான் முஸ்பிறாவுக்கு விளங்கியது. ஊர் திரும்பிய நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும். டீச்சர் என்று நாலு பேர் கூப்பிட வேண்டும்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் பயிற்சி தொடங்கியது. ஜவுபர் சாய்ந்தமருதில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். அவருக்குக் கொடுத்த வேலை இலகுவானது: ‘கா’ வந்தால் கரண்டியால் பீங்கானில் தட்ட வேண்டும்.

“ஓபன் யுவர் புக்ஸ்,” என்றாள் முஸ்பிறா. “லுக் அட் த பிக்சர் கா.”

டிங்.

“தெரியும். நானே கேட்டன். மறுகா சொல்றன்.”

டிங்.

“அது என்னத்துக்கு? ‘மறுகா’ எண்டா திரும்ப எண்டு முழுச் சொல்லுதானே!”

“கடைசியில ‘கா’ கேட்டிச்சி. நான் தட்டினன்.”

“நீங்க பெயின்ட் வாளிக்கு மூடி தட்டுறமாதிரித் தட்டுறீங்க மச்சான். பீங்கான் உடைஞ்சா ஒங்கட தலையிலதான் முடியும்.”

ஒரு வாரத்தில் ‘கா’ நின்றுவிட்டது. கூடவே வேறொன்றும் நின்றுவிட்டது. ஒவ்வொரு வசனத்தின் கடைசியிலும் முஸ்பிறா பிரேக் போட்டாள். வாயை இறுக்கிக்கொண்டு, அடுத்த சொல் வருவதற்குமுன் ஒருமுறை விழுங்கினாள்.

ஜவுபர் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: “பிழை ஒண்டுமில்ல. ஆனா ஏர்போட்டில அறிவிக்கிற பொம்பிள கதைக்கிறமாதிரி இரிக்கி.”

இரண்டாவது சோதனைப் பாடத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு பரிசோதகர் வந்திருந்தார். சிங்களப் பெண்மணி, தமிழ் தெரியாது. கடைசி வாங்கில் பிரகாஸ் சேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். முன்னால் அதே பெண்கள். பாடம்: எதில் வருகிறீர்கள், எதில் போகிறீர்கள்.

முஸ்பிறா பஸ் படம் காட்டினாள், சைக்கிள் படம் காட்டினாள். ஒரு ‘கா’வும் விழவில்லை. ஆனால் வகுப்பு செத்துக் கிடந்தது. ஏர்போட் பெண் அறிவித்தாள், பயணிகள் முணுமுணுத்தார்கள். பரிசோதகரின் பேனா அசையவேயில்லை. அது எழுதுவதைவிடப் பயமாக இருந்தது.

முன்வரிசையில் செல்லத்தங்கம் இருந்தார். பாண்டிருப்பு மீனவக் குடும்பம். அறுகம்பேயில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை கிடைத்திருந்ததால் ஆங்கிலம் பழக வந்தவர். அவருடைய முறை வந்தது. எழுந்து, சேலையைச் சரிசெய்து, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்:

“ஐ கம் பை பஸ் கா!”

போன தடவை முஸ்பிறா விதைத்தது முளைத்துவிட்டது. விட்டால் பிழையைக் காணாத ஆசிரியை. விளக்கினால் தமிழ் பேச வேண்டும். கடைசி வாங்கில் பேனா எழுந்து நின்றது.

அப்போதுதான் விரல் நினைவுக்கு வந்தது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: வசனத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலைப் பிடி, எந்த விரலில் பிழையோ அதைக் காட்டு. சின்னப் பிள்ளை விளையாட்டு என்று அவள் அதை ஒதுக்கி வைத்திருந்தாள்.

இடது கையை விரித்து உயர்த்தினாள். சுண்டுவிரலைத் தொட்டாள். “ஐ.” அடுத்தது. “கம்.” அடுத்தது. “பை.” சுட்டுவிரல். “பஸ்.” பெருவிரல் தனியே நின்றது. அதைப் பிடித்து ஆட்டியபடி, புருவத்தை உயர்த்தி, வகுப்பைப் பார்த்தாள்.

பின்வரிசையில் யாரோ ‘க்ளுக்’ என்றார்கள். அவ்வளவுதான், வகுப்பே வெடித்தது.

செல்லத்தங்கம் நெஞ்சில் கை வைத்தார். “அப்ப ‘கா’ இங்கிலீஸ் இல்லையாகா, டீச்சர்?”

மாணவி தமிழ் பேசலாம், அதற்குத் தடை இல்லை. முஸ்பிறா தலையை மட்டும் ஆட்டினாள், சிரிப்பை அடக்கமுடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு. செல்லத்தங்கம் நேரே முன்னால் வந்தார். டீச்சருடைய பெருவிரலைத் தன் கையால் மடக்கி உள்ளங்கைக்குள் அமுக்கினார்.

“ஐ கம் பை பஸ்,” என்றார். பிறகு வகுப்பைப் பார்த்து, “‘கா’வ இஞ்ச பூட்டிட்டன்!”

அதன்பிறகு வகுப்பைப் பிடிக்க முடியவில்லை. எல்லோரும் பெருவிரலை மடக்கிக்கொண்டு, ஆட்டோவில் வந்தார்கள், சைக்கிளில் போனார்கள், ஒருத்தி கப்பலில்கூட வந்தாள். முஸ்பிறாவும் பிரேக்கை மறந்தாள். சிரித்தாள், கைதட்டினாள், வாங்குகளுக்கிடையே ஓடினாள். மணி அடித்தது அவளுக்குக் கேட்கவில்லை. பிரகாஸ் சேர்தான் கையைக் காட்டினார்.

வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரையில் அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவர்கள் இருவரும் உள்ளே பேசினார்கள். அவள் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். பாதியில் எந்த இடத்தில் விட்டேன் என்பதே தெரியாமல் முதலிலிருந்து தொடங்கினாள்.

பிரகாஸ் சேர் வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“மேடம் கேட்டாங்க, அந்த அஞ்சாவது விரல் என்ன சொல்லெண்டு.”

“நீங்க என்ன சொன்னீங்க சேர்?”

“எங்கட ஊர்ச் சாமான், மொழிபெயர்க்க ஏலா எண்டு சொன்னன். அவங்கட பிள்ளைகள் இங்கிலீஸ்ல எல்லா வசனத்திலயும் சிங்கள ‘நே’ போடுறாங்களாம். அவங்களும் இனி விரல மடக்கப்போறாங்களாம்.” பிறகு, வேறு ஏதோ ஞாபகம் வந்தவர்போல, “சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வாங்க,” என்றார்.

“திரும்பவும் சோதினையா சேர்?”

“இல்ல. வகுப்புக்கு. ஒங்கட வகுப்புக்கு. பாஸ், டீச்சர்.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள் முஸ்பிறா. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் வயிற்றுக்கு உறைத்தது.

எதிரே இருந்த தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்து, பிளேன்டீயும் மூன்று றோல்ஸும் சொன்னாள். இரண்டாவது றோல்ஸில் இருந்தபோது போன் அடித்தது.

“என்ன புள்ள, என்ன நடந்த?” ஜவுபரின் குரல் கடைச் சத்தத்துக்குள் நடுங்கியது. “சொல்லன். ஏன் பேசாம இரிக்காய்? அழுறியா?”

“இல்ல மச்சான்,” என்றாள், மென்றுகொண்டே. “திங்கிறன்.”