சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவில் நான்

ஊமைப் படத்துக்குக் குரல் கொடுப்பது சுகமான வேலை என்று நினைப்பவர்கள், ஒரே தொண்டையில் அப்பனையும் மகனையும் சண்டை போட வைத்துப் பாருங்கள். என் பாடு புரியும்.

தேனியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் அபூர்வமான ஊமைச் சிரிப்புப் படம் ஒன்று இருக்கிறது. அப்பனும் மகனும் கோபித்துக்கொண்டு, வீட்டுக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு கிழித்து வாழ்கிற கதை. கடைசித் துண்டு தொலைந்துவிட்டது. கோடு அழிந்ததா என்று யாருக்கும் தெரியாது. ஊர் ஊராகச் சமுதாயக் கூடங்களில் காட்டுவோம். புரொஜெக்டருக்கு அண்ணாச்சியின் மகன் செல்வம் அண்ணன். மைக்குக்கு, ப்ளஸ் டூ லீவில் இருக்கும் நான்.

வேனுக்குள்

அண்ணாச்சி பழனிக்குப் போயிருந்தபோது செல்வம் அண்ணன் கடைப் போர்டை மாற்றிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"சுருளிப்பட்டி ஆட்டத்தோட நான் குமுளிக்கு வேலைக்குப் போறேன்னு சொல்லு" என்றார் அண்ணன். அதை அவர் குரலிலேயே ஒப்பித்தேன். "போகட்டும்னு சொல்லு" என்றார் அண்ணாச்சி. அதை அண்ணாச்சியின் இருமலோடு சேர்த்துத் திருப்பினேன். அண்ணாச்சி முறைத்தார்:

"ஏலே, சேதியை மட்டும் சொல்லு, என்னையச் சொல்லாத!"

பண்ணைப்புரத்தில் மாடு

படத்தில் கோடு தொழுவத்துக்குள்ளும் போகும். மாட்டின் முன்பாதி அப்பனுக்கு, பின்பாதி மகனுக்கு. அப்பனுக்கு அண்ணாச்சி குரலும் மகனுக்கு அண்ணன் குரலும் கொடுத்தேன். கூடமே சிரித்து உருண்டது, அந்த இரண்டு பேரைத் தவிர. முன்வரிசை அக்கா ஒருத்தி கேட்டாள்:

"தீனி வைக்கிறவரு ஒரு பக்கம், பால் கறக்கிறவன் ஒரு பக்கம்... எங்க வீட்டை எப்பய்யா படம் பிடிச்சீக?"

சுருளிப்பட்டியில் தொண்டை

அருவியில் குளித்துத் தொண்டை கட்டிவிட்டதாகச் சைகை காட்டினேன். கட்டவில்லை, இது நமக்குள் இருக்கட்டும். வேறு வழியில்லாமல் அண்ணாச்சியே மைக்கைப் பிடித்தார். திரையில் கோட்டருகே அப்பன் வாய் திறந்தான்.

"என்னையக் கேக்காம ஏன்டா போர்டை மாத்துன?"

படத்தில் போர்டே கிடையாது. புரொஜெக்டர் பக்கமிருந்து மைக் இல்லாமலே பதில் வந்தது: "உங்க பேரைத்தானப்பா பெருசா எழுதியிருக்கேன். ஒருநாளாவது நிமிந்து பாத்தீகளா?"

அண்ணாச்சி அத்தனை நாளும் கோபத்தில் பின்வாசல் வழியாகத்தான் கடைக்குள் போய்வந்தார். இருந்த படம் ஓடித் தீர்ந்து திரை வெள்ளையானது. மைக்கில் இருமல் மட்டும் கேட்டது. பிறகு, "காலையில பாக்குறேன். நீ குமுளிக்குப் போகாத" என்றார். பின்வரிசைப் பெரியவர் எழுந்தார்:

"படம் முடிஞ்சிருச்சா, இல்ல மிச்சத்தை வீட்டுல போய்க் காட்டுவீகளா?"

இப்போது வேனில் அப்பாவும் மகனும் நேருக்கு நேர் போடுகிற சத்தத்தில், ஊமையாக உட்கார்ந்து வருகிறவன் நான் ஒருத்தன்தான்.