மூக்கு கழுவும் பாட்டில்

1. மறுபடியும் சளி

"மறுக்காவும் கத்தி வெப்பாங்களா, சிஸ்டர்?"

மூக்கிலிருந்து எண்டோஸ்கோப் குழாயை வெளியே எடுத்ததும் ராசாமணி அக்கா கேட்ட முதல் கேள்வி. நான் டாக்டரைப் பார்த்தேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனையில், எண்டோஸ்கோப்பி அறையின் நர்ஸ் நான். சைனஸ் ஆபரேஷன் முடிந்தவர்கள் ரிவ்யூவுக்கு வருவது இங்கேதான். நன்றாக ஆறிய மூக்கு திரையில் விடியல்போல வெளிர்சிவப்பாக விரியும். அக்காவுடையது அப்படியில்லை. ஆபரேஷனில் திறந்துவிட்ட வழியில் மறுபடியும் மஞ்சள் சளி. அதனடியில் பளபளவென்று ஒரு படலம்.

"பயோஃபில்ம்," என்றார் டாக்டர். கிருமிகள் கூடிப் பசை சுரந்து அதற்குள் குடியிருக்கும். மாத்திரை எளிதில் உள்ளே எட்டாது. உப்புத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். "கொஞ்ச நாள் பார்ப்போம். அடங்கலைன்னா மறுபடி ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம்."

அக்காவுக்கு மோகனூர்ப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை. வாசனை தெரியாமல் போய் வருடங்களாயிற்று. ஷெட்டில் எச்சத்தின் நெடி ஏறினாலும் அடுத்தவர் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் வாசனை எட்டிப் பார்த்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

2. பையிலிருந்து வந்தது

"தண்ணியக் கொதிக்க வெச்சு ஆத்தறீங்களா, அக்கா?"

"ஆத்தறனுங்க. உப்புப் பொட்டலமும் அளவாத்தானுங்க."

"சோறாக்க மறந்தாலும் இத மறக்க மாட்டாளுங்க," என்றார் அவர் கணவர் பழனிசாமி. "மூக்கு கழுவற பாட்டில இங்கியுமே கொண்டாந்திருக்கறா."

அக்கா அதைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூடி இறுகியிருந்தது, உள்ளே ஈரம். கையுறை விரலை விட்டேன், வழுக்கியது.

"இதத் தனியாக் கழுவுவீங்களா?"

"கொதிச்ச தண்ணிதானுங்களே உள்ள போவுது? அத எதுக்குக் கழுவோணும்?"

நீங்களே தொட்டுப் பாருங்கள் என்று நீட்டினேன். உட்புறத்தைத் தேய்த்த அக்காவின் விரல் நின்றது. "ஏனுங்க, நம்ம நிப்பிள் லைன்ல புடிக்கிற வழவழப்பாட்டவே இருக்குதுங்க!"

கோழிகள் தண்ணீர் குடிக்கும் குழாய்தான் நிப்பிள் லைன். அதில் பாசி பிடித்தால் தண்ணீரில் கலக்கும் மருந்து வேலை செய்யாது என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

"கோழி லைன மட்டும் தவறாமக் கழுவறே. உன்ற மூக்குக்கு இதா, புள்ள?"

"கழுவறது நானு. நீங்க செத்த சும்மா இருங்க."

அவர் சும்மா இருக்கவில்லை. "ஏனுங் சிஸ்டர், அந்த லைன் கழுவற மருந்துலயே ஒரு மூடி இதுக்குள்ள உட்டா?"

"ஐயோ அண்ணா! அத மூக்குப் பக்கமே கொண்டுபோகாதீங்க!"

டாக்டர் சிரித்துவிட்டார். பாட்டில் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் இனி இது வேண்டாம் என்றார். புது பாட்டில் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவி, கொதித்து ஆறிய நீரில் அலசி, திறந்தே கவிழ்த்துக் காயவைக்கச் சொன்னேன்.

3. சட்டை

அடுத்த ரிவ்யூவில் திரை விடிந்திருந்தது. "கத்தி வேண்டாம்," என்றார் டாக்டர். பழனிசாமி அண்ணன் சந்தோஷத்தில் திரையை எட்டிப் பார்க்கக் குனிந்தார். அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க, ஷெட்டுச் சட்டையோடயா வந்தீங்க?"

"எப்பவும் இதேதான், புள்ள."

"இத்தன வருசமாத் தப்பிச்சுட்டீங்க. போயி வெளிய நில்லுங்க!"

சிரித்துக்கொண்டே வெளியே போனார்.

அன்றிலிருந்து, ரிவ்யூவுக்கு வருகிறவர்களிடம் கழுவினீர்களா என்று கேட்பதோடு நான் நிறுத்துவதில்லை. பாட்டிலையும் கொண்டுவரச் சொல்கிறேன். மூக்கைப் பார்ப்பதற்கு முன் அதைத் திறந்து பார்க்கிறேன்.

அதற்கடுத்த ரிவ்யூவுக்குப் பழனிசாமி அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கதவருகே நின்று, "உள்ள வாரலாமுங்களா?" என்று கேட்டார், அக்காவிடம்.